ஓடைக்கரையைப் பயனற்ற நிலமென்று பட்டியலிட்டவர்களுக்கு

தோட்ட முகாமையாளர் அவர்களுக்கும், கம்பெனிப் பணிப்பாளர் சபையினருக்கும், இந்த நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்திருக்கும் அரசின் பொறுப்பதிகாரிகளுக்கும்,

காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்துப் பலகையில் நீங்கள் ஒட்டிய சுற்றுநிருபம் மூன்று வேலைகளைச் சொல்கிறது. ஓடைகளின் இரு கரையிலும், பாறை இடுக்கிலும், மலை உச்சியிலும் நிற்கும் துண்டுக்காடுகளைப் 'பயனற்ற நிலம்' என்ற தலைப்பில் சேர்த்து, வெட்டித் துப்புரவாக்கி, தொழிற்சாலை விறகுக்காக டர்பன்டைன் (யூகலிப்டஸ்) நடப்போகிறீர்கள். தேயிலை மலைகளில் வயதுபோன டடாப்பு நிழல் மரங்களை அகற்றப்போகிறீர்கள். பதில் மரம் பற்றி ஒரு வரிகூட இல்லை. நாங்கள் குடியிருக்கும் லயங்களைச் சுற்றியுள்ள மரக்கறிப் பாத்திகளை இரண்டு மாதத்துக்குள் நீக்கச் சொல்கிறீர்கள்; நீக்காவிட்டால் களைநாசினி அடித்து அழிக்கப்படும் என்கிறீர்கள்.

இதை எழுதுபவர்கள் கொழுந்து பறிப்பவர்கள், கவ்வாத்து வெட்டுபவர்கள், லயத்துப் பின்னால் மரக்கறி செய்பவர்கள், வெளிக்கள உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர்கள். இது தொழிற்சங்கக் கடிதம் இல்லை. சம்பளப் பேச்சும் ஓரிடம் தவிர இதில் வராது.

மூன்று வேலைகளையும் மூன்று கோப்பில் வைத்திருக்கிறீர்கள். மலையில் அவை ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கின்றன. காடு போனால் தண்ணீரும் பூச்சிகளைத் தின்னும் உயிர்களும் போகும். அவை போனால் வெயிலையும் பெருமழையையும் தேயிலை தாங்காது. கொழுந்து குறைந்தால் லயத்தில் கறிச்சட்டி அடுப்பேறுவது பாத்தியை நம்பித்தான். அந்தப் பாத்தியையும் அதே தாளில் எடுத்துவிட்டீர்கள்.

தண்ணீரிலிருந்து தொடங்குகிறோம். சரிவில் பெய்யும் மழை இரண்டு வழியில் கீழே வரும். இலைக்குப்பையும் வேரும் மண்புழுத் துளையும் உள்ள நிலத்தில் விழுந்தால் உள்ளே இறங்கி, பாறைமேல் மெல்ல ஊர்ந்து, வாரக்கணக்கில் கழித்து ஊற்றாக வெளிவரும். இறுகிப்போன மண்ணில் விழுந்தால் மேலாலேயே ஓடி, கானை நிரப்பி, சிவப்பு நிறத்தில் ஆற்றில் போய்ச் சேரும். வறட்சி மாதங்களில், அதாவது மேற்குச் சரிவில் பெப்ரவரி, மார்ச்சிலும், ஊவாவில் ஜூலை, ஆகஸ்டிலும், பீலியில் (ஊற்றுநீர் வந்து விழும் குழாயில்) விழும் தண்ணீர் முதல் வழியால் வந்தது. அதைப் பிடித்து வைத்திருப்பது நீங்கள் வெட்டக் குறித்திருக்கும் அதே துண்டுக்காடு.

டர்பன்டைன் வேகமாக வளர்கிறது. அந்த வேகத்துக்கு ஏற்ற தண்ணீரையும் குடிக்கிறது. வேர் ஆழமாகப் போகும், வறட்சியிலும் உறிஞ்சுவதை நிறுத்தாது. அதன் சருகு மெதுவாகத்தான் மக்கும், அடியில் வேறு செடி எழும்ப விடாது. வெறுமையான அந்தத் தரையில் மழை விழுந்தால் மண் கழுவுண்டு போகும். தொழிற்சாலை ஓரத்திலோ, தேயிலை கைவிடப்பட்ட மேட்டிலோ அதை நடுவதற்கு நாங்கள் எதிர்ப்பில்லை. ஊற்றுக்கண்ணிலும் ஓடைக்கரையிலும் நடுவதைத்தான் ஏற்க முடியாது.

இதில் எங்கள் வாய்ச்சொல்லை நீங்கள் நம்ப வேண்டியதில்லை. பீலியில் 20 லீற்றர் வாளியை வைத்து, நிரம்ப எத்தனை செக்கன் ஆகிறது என்று பாருங்கள். 40 செக்கனில் நிரம்பினால் செக்கனுக்கு அரை லீற்றர், நாளொன்றுக்கு 43,200 லீற்றர். 80 குடும்பம், குடும்பத்துக்கு 5 பேர், ஆளுக்கு 100 லீற்றர் என்று வைத்தால் 40,000 லீற்றர் தேவை, மட்டுமட்டாகப் போதும். அதே வாளி நிரம்ப 60 செக்கன் ஆனால் 28,800 லீற்றர்தான் கிடைக்கும். தேவையில் கால் பங்குக்கு மேல் தண்ணீர் பற்றாது. மாதம் ஒருமுறை, மழை பெய்யாத மூன்றாம் நாள் காலையில், ஒரே ஆள் ஒரே வாளியால் அளக்க வேண்டும். மழைக்கு மறுநாள் அளந்தால் கணக்குப் பிழைக்கும். இந்தப் பதிவு எந்த டிவிசன் ஏட்டிலும் இல்லை. அளக்காத தண்ணீரைத் தரும் நிலத்துக்கு 'பயனற்றது' என்று எப்படி வகை பிரித்தீர்கள்?

மண்ணுக்கும் கணக்கு உண்டு. ஒரு ஹெக்டெயரில் 1 மில்லிமீற்றர் மேல்மண் போனால் 10 கன மீற்றர், ஏறக்குறைய 12 தொன். அந்த 1 மில்லிமீற்றரைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தேயிலைச் செடியின் கழுத்துவேர் வெளியே தெரியும்போதுதான் பல வருட இழப்பு புலப்படும். மேல் 15 சென்ரிமீற்றர் மண் ஹெக்டெயருக்குச் சுமார் 1,800 தொன் எடை. அதில் உயிர்மக்கின் காபன் மண் எடையில் 1 சதவீத அளவு குறைந்தால் 18 தொன் காபன் மண்ணை விட்டுப் போகிறது. அது காற்றில் சேர்ந்தால் 66 தொன் காபனீரொட்சைட்டு. காட்டை வெட்டினால் காலநிலை கெடும் என்று பொதுவாகச் சொல்வதன் பொருள் நமது மலையில் இதுதான்: மக்கு குறைந்த மண் காற்றையும் சூடாக்குகிறது, அந்தச் சூடு கொண்டுவரும் வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் தானே முதலில் பலியாகிறது.

காற்று 1 பாகை செல்சியஸ் சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். அதனால் மழை வரும்போது ஒரேயடியாகக் கொட்டுகிறது, இடைவெளி நீள்கிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு வைத்திருக்கும் எல்லைகள் உங்களுக்குத் தெரியும்: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாடு முழுவதையும் உலுக்கியது. இவ்வளவுக்குப் பிறகும் சரிவின் தலைப்பகுதியில் உள்ள மரங்களை வெட்டி எடுக்கச் சொல்லும் ஒரு தாள் எப்படி அச்சுக்குப் போனது என்று எங்களுக்கு விளங்கவில்லை. மரத்தை வெட்டிய கையோடு சரிவு இறங்காது. அடிவேர் அழுகிப் பிடி தளர்ந்து, அந்த ஓட்டைகளுக்குள் தண்ணீர் புகும்போது, சில வருடம் கழித்துத்தான் இறங்கும். அப்போது யாரும் இந்தச் சுற்றுநிருபத்தை நினைக்கப்போவதில்லை என்பதால் இப்போதே எழுதி வைக்கிறோம்.

5,000 அடிக்கு மேல் காட்டை அழிக்க வேண்டாம் என்று, கியூ தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர் 1873இலேயே அறிவுறுத்தினார். கோப்பிக் காலத்து அரசாங்கம்கூட அந்தப் பேச்சுக்குக் காது கொடுத்தது.

டடாப்புக்கு வருவோம். நிழல் கூடினால் கொப்புள நோய் கூடும், ஆகவே மரம் குறைய வேண்டும் என்று உங்கள் தரப்பில் சொல்வார்கள். 1946இல் இலங்கைக்கு வந்த நாளிலிருந்து குளிரும் ஈரமும் சேர்ந்த மாதங்களில் அந்த நோய் இளங்கொழுந்தைத் தாக்குகிறது. மூடுண்ட நிழல் அதற்கு வசதி என்பதும் உண்மைதான். ஆனால் அதற்கு மருந்து கிளை கழிப்பது. தென்மேல் பருவத்துக்கு முன் கிளைகளைக் கழித்துவிட்டால் மழை மாதங்களில் மலை திறந்து கிடக்கும், காற்றோடும், இலை சீக்கிரம் உலரும். மழை ஓய்ந்து வறட்சி வருவதற்குள் மரம் மறுபடி தழைத்துவிடும். கழித்த தழை செடியடியில் மூடாக்காகும். மரத்தையே எடுத்துவிட்டால் மழைக்காலத்து நோய் கொஞ்சம் குறையும், கோடைக்கு ஒன்றும் மிஞ்சாது.

தேயிலைக்கு 22 பாகையை ஒட்டிய வெப்பம்தான் உகந்தது. இலையின் சூடு 35 பாகையைத் தாண்டினால் அது உணவு தயாரிப்பதைக் குறைத்துக்கொள்ளும். நேர் வெயிலில் நிற்கும் இலையின் சூடு நிழலில் தொங்கும் வெப்பமானியில் தெரிவதைவிடக் கூட இருக்கும் என்பதைக் கொழுந்து பறிக்கும் கை அறியும். வறண்ட மலையில் சிவப்புச் சிலந்தி ஏறும். இலை செம்புநிறமாகிக் கொட்டும். அப்போது எடை விழாது, எடை விழாவிட்டால் அரைப்பெயர், அதாவது அரைநாள் சம்பளம். சம்பளப் பேச்சு வரும் ஓரிடம் என்று சொன்னது இதுதான். நிழல் மரத்தை எடுத்தால் அதன் விலை வறட்சி மாதத்தில் பறிப்பவரின் பற்றுச்சீட்டில் கழிகிறது.

டடாப்பு வேர்முடிச்சில் காற்றின் நைதரசனைப் பிடிக்கிறது. தாழ்ந்த மலைகளில் கிளிரிசீடியாவும் அதைத்தான் செய்கிறது. இவற்றின் பச்சைத்தழை 100 கிலோவில் முக்கால் கிலோ அளவு நைதரசன் இருக்கும். ஒன்றரைக் கிலோ யூரியாவுக்கு ஈடு. சின்னத் தொகைதான். தழை முழுவதையும் சேர்த்தாலும் உரமூட்டைக்கு மாற்றாகாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் யூரியாவில் இன்னொரு செலவு உண்டு. 50 கிலோ மூட்டையில் 23 கிலோ நைதரசன். அதில் நூற்றிலொரு பங்கு நைதரசு ஒட்சைட்டு வாயுவாகப் போகும் என்பது உலகளவில் பொதுவாக எடுத்துக்கொள்ளும் கணக்கு. அந்த வாயு காபனீரொட்சைட்டைவிட 273 மடங்கு வெப்பம் பிடிக்கும். ஒரு மூட்டைக்கு ஏறக்குறைய 100 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம், அதுவும் மண்ணிலிருந்து மட்டும். தழையால் கால் பங்கு மூட்டையை மிச்சப்படுத்த முடிந்தாலும் கம்பெனிக்குக் காசு மிச்சம், காற்றுக்கும் அந்தளவு சூடு மிச்சம்.

வயதுபோன மரத்துக்குப் பதில் வைப்பது கடினமான வேலையே இல்லை. ஆளுயரப் போத்து, கையளவு பருமன், மேல்நுனி சாய்வாக வெட்டியது. நேராக வெட்டினால் தண்ணீர் தேங்கி அழுகும். வெட்டுவாய் காயும்வரை ஓரிரு நாள் நிழலில் போட்டு, மழை தொடங்கியதும் ஒன்றரை அடி ஆழத்தில் நட வேண்டும். மாடு கடிக்காமல் ஒரு வருடம் பார்த்துக்கொண்டால் போதும். பழைய மரத்தைப் புதியது தழைத்த பிறகுதான் எடுக்க வேண்டும்.

இனிப் பூச்சிகள். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் தேயிலையின் சொந்த வரலாற்றிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. இலைசுருட்டிப் புழு ஒரு காலத்தில் மலைமலையாகக் கொழுந்தை அழித்தது. 1930களின் நடுவில் ஜாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் என்ற சிறு ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது புழுவின் உடலுக்குள் முட்டையிடும். குஞ்சுகள் புழுவை உள்ளிருந்தே தின்று முடிக்கும். புழு அடங்கியது. மருந்துச் செலவு கிடையாது, குளவி தானே பெருகிக்கொண்டது. பிறகு 1950களில் தண்டு துளைக்கும் வண்டுக்காக டீல்டிரின் அடித்தார்கள். வண்டைக் கொல்லப்போன மருந்து குளவியையும் கொன்றது. இலைசுருட்டிப் புழு மறுபடி கிளம்பியது. தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள், இந்தக் கதையை எங்களைவிட நன்றாகச் சொல்வார்கள்.

அந்தக் குளவி புழுவை மட்டும் நம்பி வாழ்வதில்லை. வளர்ந்த குளவிக்குப் பூந்தேன் வேண்டும். தேயிலை மலையைக் கவ்வாத்து வட்டத்தில் பூக்கவிடுவதில்லை. ஆகவே தேன் கிடைப்பது ஓடைக்கரைச் செடியிலும், கான் ஓரத்துப் பூவிலும், லயத்துப் பாத்தியில் பூத்து நிற்கும் கொத்தமல்லியிலும்தான். சிவப்புச் சிலந்தியைத் தின்னும் சிறு பொறிவண்டும் கொன்றுண்ணிச் சிலந்தியும் ஒதுங்குவதும் அங்கேதான். இவற்றை முழுவதும் வழித்துவிட்டு, அடுத்த வருடம் பூச்சிமருந்துக் கணக்கில் கூடுதல் தொகை கேட்டுக் கொழும்புக்கு எழுதப்போகிறீர்கள்.

தவளையையும் சொல்லிவிடுகிறோம், சிரிக்க வேண்டாம். நமது மலைகளின் சிறு மரத்தவளைகள் பல குளத்தில் முட்டையிடுவதில்லை. ஈரமான மண்ணிலோ இலையிலோ இடும். வாற்பேத்தையாக நீந்தாமல் முட்டைக்குள்ளேயே தவளையாகிக் குதித்து வெளியே வரும். இலைக்குப்பை காய்ந்தால், களைநாசினி அதில் விழுந்தால், முட்டை அழியும். இலங்கையில் பத்துக்கு மேற்பட்ட மரத்தவளை இனங்கள் ஏற்கெனவே இல்லாமல் போய்விட்டன என்று பதிவாகியுள்ளது. இரவில் கொழுந்துப் பூச்சிகளைத் தின்பதற்குச் சம்பளமில்லாமல் வேலை செய்தவை அவை.

ஒரே பயிரை இடைவெளியில்லாமல் போட்டால் என்னவாகும் என்பதற்கு இந்த மலைக்கு வேறு ஊர்ச் சான்று தேவையில்லை. கோப்பி இலைத்துரு நோய் 1869இல் மடுல்சீமைப் பக்கம் தெரிந்தது. இருபது வருடத்துக்குள் கோப்பி படுத்துவிட்டது. 1880 முதல் 1882 வரை இங்கே தங்கி ஆராய்ந்த மார்ஷல் வார்ட், காற்றில் பறக்கும் நுண்வித்துகளை மறிக்கக் காட்டு இடைவெளி இல்லாமல் மலை முழுதும் கோப்பியாக நின்றதை எடுத்துக்காட்டினார். அந்த இடத்தில்தான் தேயிலை வந்தது. இப்போது விதைத் தேயிலையையும் எடுத்துவிட்டு வி.பி. கன்றுகளால் மலையை நிரப்புகிறோம். விதைத் தேயிலையில் ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு வகை, ஆணிவேர் ஆழமாகப் போகும். தண்டுத் துண்டிலிருந்து வந்த வி.பி. செடிக்கு ஆணிவேர் கிடையாது, ஒரு மலை முழுதும் ஒரே செடியின் நகல். விளைச்சல் கூட என்பதை மறுக்கவில்லை. ஒரு நோயோ ஒரு வறட்சியோ அடித்தால் எல்லாம் சேர்ந்து விழும் என்பதையும் மறுக்க முடியாது.

லயத்துப் பாத்திகள் பற்றிய மூன்றாம் கட்டளை எங்களை அதிகம் சுட்டது. 2016ஆம் ஆண்டுக் குடிசன சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுதும் 17 சதவீதம். தோட்டப்புறத்தில் 32 சதவீதம். கோதுமை மா ரொட்டியும் சம்பலும் வயிற்றை நிரப்பும். இரும்புச்சத்தும் விற்றமின் ஏயும் கீரையிலிருந்துதான் வர வேண்டும். இரண்டு பேர்ச்சஸ் நிலத்தில் பொன்னாங்காணி, வல்லாரை, தண்டுக்கீரை, மணத்தக்காளி, போஞ்சி, பூசணி, சேம்பு, வற்றாளை, கொச்சிக்காய், ஓரத்தில் ஒரு மரத்தக்காளி என்று பத்துக்குக் குறையாத பயிர் நிற்கிறது. ஒன்று பிழைத்தால் இன்னொன்று கைகொடுக்கும். 2022இல் மா விலையும் அரிசி விலையும் எட்டாத உயரத்துக்குப் போனபோது பல லயங்களில் அடுப்பெரிந்தது வற்றாளையாலும் மரவள்ளியாலும்தான்.

உலகக் கதையும் இதேதான். உணவு விவசாய அமைப்பு 2019இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மனிதர் உணவுக்காகப் பயிரிட்ட தாவரங்கள் சுமார் 6,000. இன்று உலக விளைச்சலில் 66 சதவீதம் 9 பயிர்களிலிருந்து மட்டும் வருகிறது. மலைநாட்டுச் சந்தைக்குப் போகும் கோவா, கரட், லீக்ஸ் விதைகளில் பெரும்பகுதி வெளிநாட்டு டின்னில் வருகிறது. கப்பல் தாமதித்தால் நாற்றுமேடை வெறுமை. போஞ்சி விதை அப்படியல்ல. காய் கொடியிலேயே காய்ந்து, குலுக்கினால் சத்தம் கேட்கும்வரை விட்டு, உரித்து, பல்லால் கடித்தால் பதியாத பதத்துக்கு உலர்த்தி, சாம்பல் கலந்து போத்தலில் அடைத்தால் அடுத்த போகத்துக்கு முளைக்கும். தன்மகரந்தம் என்பதால் குணமும் மாறாது. அந்த விதையெல்லாம் இருப்பது நீங்கள் மருந்தடிக்கச் சொன்ன பாத்திகளில்.

பூசணியைப் பாருங்கள், காட்டுக்கும் சாப்பாட்டுக்கும் உள்ள உறவு கண்முன்னே தெரியும். ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. விடியலில் விரிந்து மதியத்துக்குள் சுருங்கிவிடும். அந்தச் சில மணி நேரத்தில் தேனீ பலமுறை வந்துபோக வேண்டும். போதாவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி விழும், அல்லது ஒரு பக்கம் சூம்பிக் கோணலாக வளரும். உரம் போட்டு அதைத் திருத்த முடியாது. சந்தேகமிருந்தால் காலை 8 மணிக்கு முன் ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, நடுத்தண்டைப் பெண் பூவில் தடவுங்கள். தடவிய பூ காய்த்து, தடவாத பூ கொட்டினால் குறை தேனீயில். பொந்துத் தேனீயும் கொசுத்தேனீயும் கூடு கட்டுவது ஓடைக்கரையின் பழைய மரங்களின் பொந்தில். அந்த மரத்தைத்தான் வெட்டக் குறித்து வெள்ளை வட்டம் போட்டிருக்கிறீர்கள்.

'குளவி கொட்டு' (தோட்டத்துப் பேச்சில் பெரும்பாலும் மலைத்தேனீ கொட்டுவது) ஆபத்தும் சுற்றுநிருபத்தில் காடு வெட்டுவதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. உயிர் போன இடங்களும் உண்டு, அந்தப் பயம் எங்களுடையது, அதை நீங்கள் காரணமாக்க வேண்டாம். மலைத்தேனீ உயரமான மரக்கிளையிலும் பாறையிலும் வெளியே தொங்கும் அடை கட்டும். பருவம் மாறினால் கூட்டமாக இடம்பெயர்ந்து போய்விடும். தீ வைத்தாலும் கல்லெறிந்தாலும் மரத்தை ஆட்டினாலும்தான் பெரும்பாலும் பாய்கிறது. அடை உள்ள மரத்துக்குச் சிவப்புத் துணி கட்டி, அதைச் சுற்றியுள்ள மலையை அந்த வாரங்களில் பறிப்பிலிருந்து விலக்கி வைத்து, வெளிக்கள உத்தியோகத்தரிடம் ஒரு பாதுகாப்பு உடையும் புகைபோடும் கருவியும் கொடுத்தால் காடு வெட்டுவதைவிடச் செலவு குறைவு.

சில பாத்திகள் கானை அடைத்துப் போடப்பட்டிருக்கின்றன, சில சரிவு நெடுக மேலிருந்து கீழாகக் கிளறப்பட்டிருக்கின்றன என்பது உண்மை. அவற்றை மாற்றச் சொல்லுங்கள், மாற்றுவோம். கான் விளிம்பில் இரண்டடி விட்டு, சரிவுக்குக் குறுக்கே பாத்தி போட்டு, கீழ்விளிம்பில் மானாப்புல் வரிசை வைத்தால் மண் நிற்கும். கோழி எருவைப் பச்சையாக ஓடை ஓரத்தில் கொட்டக்கூடாது என்பதும் சரி. இதற்கெல்லாம் ஒழுங்கு விதிக்கலாம். களைநாசினி அடிப்பது ஒழுங்காகாது. அதே கானில் ஓடும் தண்ணீரை அடுத்த டிவிசனில் பிள்ளைகள் குடிக்கிறார்கள்.

இப்படிச் சொல்வதால் எங்களை 2021ஆம் ஆண்டுக் கூட்டத்தோடு சேர்க்க வேண்டாம். இரசாயன உரத்தை ஒரே இரவில் நிறுத்திய அந்த முடிவு தேயிலைக்கும் நெல்லுக்கும் செய்த கேடு எல்லோருக்கும் தெரியும். 2021இல் 299 மில்லியன் கிலோ அளவில் இருந்த நாட்டின் தேயிலை அடுத்த வருடம் 251 மில்லியனுக்கு இறங்கியது. மண்ணில் மக்கும் உயிரும் சேர வருடங்கள் எடுக்கும். புதுநடவுக்கு முன் 18 முதல் 24 மாதம் மானாப்புல்லோ கௌதமாலாப் புல்லோ வளர்த்து மண்ணைத் தேற்றச் சொல்வது அதனால்தான். அந்த 18 மாதத்தை 6 மாதமாகச் சுருக்கும் பழக்கமும் இப்போது வந்துவிட்டது, அது இன்னொரு கடிதத்துக்கு.

விறகு தேவை என்பதை நாங்கள் அறிவோம். தொழிற்சாலை நின்றால் எங்களுக்கும் வேலையில்லை. ஆனால் முதலில் இருக்கிற விறகை உலர்த்துங்கள். பச்சை விறகின் எடையில் பாதி தண்ணீர். அதை ஆவியாக்கவே வெப்பம் போகிறது, சூளை புகைகிறது. கை அகலத்துக்குப் பிளந்து, தரையிலிருந்து உயர்த்தி, காற்றோடும்படி அடுக்கி, கூரைக்கடியில் ஆறு மாதம் வைத்த விறகு அதே எடைக்கு ஒன்றரை மடங்கு வெப்பம் தரும். மழையில் நனையும் விறகுக் குவியலைத் தொழிற்சாலை முற்றத்தில் வைத்துக்கொண்டு ஓடைக்காட்டை வெட்டப் போவது எந்தக் கணக்கு? கவ்வாத்து மிலாற்றில் தடித்ததை மட்டும் எடுத்து, மெல்லிய குச்சியையும் இலையையும் மலையிலேயே விடச் சொல்லுங்கள்; அது மண்ணுக்கு வேண்டும்.

சிவனொளிபாதமலை வனம், ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ் ஆகிய மூன்றும் 2010இல் உலக மரபுரிமையாயின. அவற்றுக்கு வெளியே தேயிலை மலைகள். அந்தப் பரப்பில் பறவையும் தேனீயும் சிறுத்தையும் கடந்துபோகும் வழி இந்தத் துண்டுக்காடுகள். சிறுத்தை இருந்தால்தான் பன்றி கட்டுக்குள் இருக்கும். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் கம்பிச் சுருக்கில் சிக்கிய கருஞ்சிறுத்தை சில நாளில் இறந்ததை நாடே பார்த்தது. சுருக்கு வைப்பவர்களை நாங்கள் ஆதரிக்க மாட்டோம்.

1992இல் கம்பெனிகளுக்கு நிலம் விற்கப்படவில்லை. 53 வருடக் குத்தகை, 2045இல் முடியும். இன்று நடும் டர்பன்டைன் அதற்குள் இரண்டு முறை வெட்டுக்கு வரலாம். இன்று வெட்டும் ஊற்றுக்காடு அதற்குள் திரும்பி வராது. அரசின் அதிகாரிகளை இந்தக் கடிதத்தில் சேர்த்திருப்பது இதற்காக.

நாங்கள் கேட்பவை:

சுற்றுநிருபத்தின் முதலாம், மூன்றாம் கட்டளைகளை எழுத்தில் மீளப் பெறுங்கள். வெள்ளை வட்டம் போட்ட மரங்களில் வெட்டு தொடங்குவதை இன்றே நிறுத்துங்கள்.

ஓடையின் இரு கரையிலும் குறைந்தது 10 மீற்றரும், ஊற்றுக்கண்ணைச் சுற்றி 30 மீற்றரும் எதுவும் வெட்டாத, மருந்து அடிக்காத, டர்பன்டைன் நடாத பகுதியாகக் கல் நட்டுக் குறித்து, தோட்டத்து வரைபடத்தில் ஏற்றுங்கள். வெறுமையாகிவிட்ட இடங்களில் நாவல் இனங்கள், வல்சப்பு, கித்துள் போன்ற இந்த மண்ணின் மரங்களை நட நாற்றுத் தாருங்கள்; நடும் வேலையை ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் செய்கிறோம்.

டடாப்பை அகற்றும் ஒவ்வொரு மலைக்கும் முன்கூட்டியே போத்து நட்ட கணக்கைக் காட்டுங்கள். போத்து தழைக்காத மலையில் பழைய மரத்தைத் தொடக்கூடாது. கிளை கழிக்கும் நாட்களை மழைக்கேற்ப டிவிசன் வாரியாக அறிவியுங்கள்.

லயத்தைச் சுற்றி 20 மீற்றருக்குள்ளும், பீலிக்கு மேலே உள்ள சரிவிலும் களைநாசினி அடிப்பதை முற்றாக நிறுத்துங்கள். தேயிலை மலையில் மிக்கானியாவும் இலுக்கும் உள்ள இடத்தில் மட்டும் அடிக்கட்டும்; வரிசைக்கு வரிசை மாற்றி, பாதி மலையையாவது பூக்கும் சிறு செடியோடு விடுங்கள். சுரண்டியால் மண்ணை வழிப்பதும் மாற்று ஆகாது, கையால் பிடுங்கவோ அரிவாளால் வெட்டவோ ஆள் போடுங்கள்.

குடும்பத்துக்கு இரண்டு பேர்ச்சஸ் மரக்கறி நிலத்தை ஒழுங்குவிதிகளோடு எழுத்தில் உறுதிப்படுத்துங்கள். விதிகளைத் தயாரிக்கும் கூட்டத்தில் ஒவ்வொரு லயத்திலிருந்தும் ஒரு பெண் இருக்க வேண்டும், பாத்தி அவர்கள் கையில்தான் இருக்கிறது.

சரிவின் தலைப்பகுதியில் எந்த மரத்தை எடுப்பதற்கு முன்னும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எழுத்துமூலக் கருத்தைப் பெற்று, பிரட்டுக்களத்தில் ஒட்டுங்கள்.

30 நாட்களுக்குள் தமிழிலும் சிங்களத்திலும் பதில் வேண்டும். பீலி அளவை வருகிற மாதத்து முதல் ஞாயிறு காலை 6 மணிக்குத் தொடங்குகிறோம். வாளி எங்களுடையது. ஒரு வெளிக்கள உத்தியோகத்தரை ஏட்டோடு அனுப்புங்கள். ஒவ்வொரு அளவின் கீழும் எங்கள் ஆளோடு அவரும் கையெழுத்திட வேண்டும்.

இப்படிக்கு,
மேல் டிவிசன், கீழ் டிவிசன் மக்கள்